தலைசாய்க்க ஓர் இடம்

பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
1 அரசர் 19:16, 19-21, லூக்கா 9:51-62



நரிக்கு வளை இருக்கிறது, பறவைக்குக் கூடு இருக்கிறது, தமக்கோ தலைசாய்க்கக்கூட இடமில்லை என்று ஆண்டவர் சொல்வதை இன்றைய நற்செய்தியில் கேட்டோம். எத்தனையோ முறை இதைப் பீடத்தில் நின்று வாசித்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதக் கடைசியில், உறைந்துபோன ஓர் ஏரியின் மேல் நின்றபோதுதான் இந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. இன்று உங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

பின்லாந்து நாட்டின் கிழக்குப் பகுதி அது. அந்த நாட்டுக்காரர்கள் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஏரிகளை எல்லாம் எண்ணி, 1,87,888 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரியது சாய்மா. சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். ஏரி என்றதும் அகன்று விரிந்த ஒரே நீர்ப்பரப்பை நினைத்துவிடாதீர்கள். பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் அதற்குள் கிடக்கின்றன. படகில் போனால் எது தீவு, எது கரை என்று கடைசிவரை பிடிபடாது. பைன் மரம், பாறை, தண்ணீர். மறுபடியும் பைன் மரம், பாறை, தண்ணீர். அங்கே பணிபுரியும் என் குருமட நண்பர் ஒருவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். நாடு முழுவதற்கும் ஹெல்சிங்கி என்ற ஒரே கத்தோலிக்க மறைமாவட்டம். நமக்கென்று கோவில் இல்லாத ஊர்களில், லூத்தரன் சபையாரிடமோ ஆர்த்தடாக்ஸ் சபையாரிடமோ கோவிலை இரவல் கேட்டுத்தான் திருப்பலி நடக்கிறது. இரவல் பீடத்தில் பலி நிறைவேற்றிவிட்டு, மெழுகுதிரியை அணைத்து, துணியை மடித்து, வந்த சுவடு தெரியாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். என் நண்பருக்கு இன்றைய நற்செய்தியை யாரும் விளக்கத் தேவையில்லை.

அவருடைய பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஒரு சனிக்கிழமை காலை எங்கள் இருவரையும் ஏரிக்கு அழைத்துப் போனார். ஒன்பது மணிக்குத்தான் வெளிச்சமே வந்தது. காலுக்குக் கீழே ஒன்றரைச் சாண் கனத்துக்குப் பனிக்கட்டி. அதற்கும் கீழே கறுத்த தண்ணீர். துளைப்பான் வைத்து ஆங்காங்கே ஓட்டை போட்டு, ஆளைத் தாங்குமா என்று பார்த்துப் பார்த்து நடந்தோம். எங்களோடு இன்னும் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு அகன்ற வாரி. சின்னத் தீவு ஒன்றின் கரையோரம், காற்று மறைவான இடத்தில் நின்று, சுற்றிலும் கிடந்த பனியைச் சுரண்டி ஒரே இடத்தில் குவித்தோம். குவித்ததை வாரியின் முதுகால் தட்டினோம். மறுபடி சுரண்டினோம். மேடு என் மார்பளவு உயர்வதற்குள் கையுறைக்குள்ளே விரல்கள் மரத்துவிட்டன. மூச்சு பட்டுப் பட்டுக் கழுத்துத் துணி விறைத்துப் பலகையாகிவிட்டது.

எதற்காக இந்தப் பாடு? சாய்மா ஏரியில் ஒரு கடல்நாய் வாழ்கிறது. நோர்ப்பா என்பது அதன் பெயர். உலகத்தில் வேறெங்கும் இல்லை. அந்த நாட்டின் மேல் ஒரு காலத்தில் மலைபோல் பனிப்பாளம் கவிந்திருந்தது. அது உருகி விலகியபோது பாரம் நீங்கிய நிலம் மெல்ல மெல்ல மேலே எழுந்தது, இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. நிலம் எழுந்ததில் கடலுக்கும் உள்நாட்டு நீருக்கும் இருந்த வழி அடைபட்டுவிட்டது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படி உள்ளே மாட்டிக்கொண்ட கடல்நாய்களின் சந்ததி இது. கடலைப் பாராத கடல்நாய். நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே சாகிறது. முதுகில் வளைய வளையமாகக் கோலம். ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இராது, நம் கைரேகை மாதிரி.

பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் தாய் குட்டி போடும். கீழே தண்ணீரில் இருந்தபடியே நகத்தால் பனிக்கட்டியைக் கீறித் துளையிட்டு, மேலே படிந்திருக்கும் பனிக்குவியலுக்குள் ஒரு குகை குடையும். வெளியே எத்தனை குளிர் அடித்தாலும் அந்தக் குகைக்குள் குட்டி பிழைத்துக்கொள்ளும். பிறந்த குட்டி நான்கைந்து கிலோதான் இருக்கும். காற்று அதன்மேல் படக்கூடாது. நரியின் கண்ணில் அது படக்கூடாது. ஆம், நரிதான். வளை உள்ள நரி, வளை இல்லாத குட்டியைத் தேடி ஏரிக்கரையில் சுற்றுகிறது. அன்று ஆண்டவர் நரியைச் சொன்னது நினைவுக்கு வந்து, வாரியை ஊன்றிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

இப்போது அங்கே குளிர்காலம் சூடேறிவிட்டது. சில ஆண்டுகளில் கரையோரம் குகை குடையும் அளவுக்குப் பனி சேருவதே இல்லை. பனி இல்லையென்றால் குட்டி வெட்ட வெளியில் பிறக்கும், பிறந்தால் தங்காது. அதனால் அரசின் வனத்துறையும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களைப் பழக்கி, முன்பு குட்டிகள் பிறந்த கரைகளாகப் பார்த்துப் பனியைக் குவிக்கச் செய்கிறார்கள். பனி குறைந்த ஆண்டுகளில் பிறந்த குட்டிகளில் பெரும்பகுதி மனிதர் குவித்துக் கொடுத்த இந்த மேடுகளுக்குள்தான் கண் திறந்தது. இதே நாட்டில் ஒரு காலத்தில் இந்த விலங்கைக் கொன்று காட்டினால் பணம் கொடுத்தார்கள், மீனைத் தின்றுவிடுகிறது என்று. 1955இல் சட்டம் போட்டுக் காத்தார்கள். 1980களில் இருநூறுக்கும் கீழே போயிருந்த எண்ணிக்கை இன்று ஏறத்தாழ ஐந்நூறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை, குட்டிகள் நீந்தப் பழகும் காலத்தில், அவை வாழும் நீரில் மீன் வலை போடுவதற்குத் தடை இருக்கிறது. பிழைப்பைச் சுருக்கிக்கொண்ட மீனவர்களும் இந்தக் கணக்கில் உண்டு, அவர்களை மறக்கக்கூடாது.

மேடு முடிந்ததும் அந்த அம்மா சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனி இங்கே யாரும் வரக்கூடாதாம். எட்டிப் பார்க்கவும் கூடாது, பக்கத்தில் பனிச்சறுக்கு விடவும் கூடாது. மனிதச் சத்தம் கேட்டால் தாய் குகையைக் கைவிட்டுவிடும். “எத்தனை வருஷமா இந்த வேலை செய்யறீங்கம்மா?” என்று நண்பர் மூலமாகக் கேட்டேன். ஒன்பது வருடமாம். “குட்டியைப் பார்த்திருக்கீங்களா?” ஒரு தடவையும் இல்லை என்றார். அதை வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. வாரியில் ஒட்டியிருந்த பனியைக் காலணியில் தட்டி உதறியபடியே சொன்னார்.

சகோதர சகோதரிகளே, நாம் இடம் கொடுக்கிற விதத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு வேளை சோறு போட்டால், அவர் அதை எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்க்க வேண்டும் நமக்கு. தெரிந்த பையனுக்கு ஓர் அறையில் தங்க இடம் கொடுத்தால், அவன் எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு பேசுகிறான் என்று கதவோரம் காது வைக்கிறோம். பங்குக் கோவிலுக்கு ஒரு பெஞ்சு வாங்கிக் கொடுத்தால் அதன் முதுகில் குடும்பப் பெயரை எழுதிவிடுகிறோம். நானும் இதில் சேர்த்திதான். உதவி செய்த வீட்டுக்கு அடுத்த வாரமே போய் உட்கார்ந்து, நன்றி வருகிறதா என்று காத்திருந்த நாட்கள் எனக்கும் உண்டு. அந்த ஏரியில் அதற்கு வழியே இல்லை. இடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். விலகிப் போனால்தான் அது இடம்.

நற்செய்தியின் தொடக்கத்தைக் கவனித்தீர்களா? எருசலேமுக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் சமாரியர் ஊரில் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளவில்லை. யாக்கோபுக்கும் யோவானுக்கும் கோபம் தலைக்கேறுகிறது. வானத்திலிருந்து தீயை வரவழைத்து ஊரையே எரித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டு வேறோர் ஊருக்கு நடக்கிறார். இடமில்லை என்றவனோடு அவர் சண்டை போடுவதில்லை.

வேறோர் ஊர் தேடி நடந்தவர்கள் கதை அந்த ஏரி நாட்டில் நிறைய. 1940 மார்ச்சில் சோவியத் நாட்டோடு செய்த உடன்படிக்கையில் பின்லாந்து தன் கரேலியா மண்ணில் பெரும்பகுதியை இழந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு, வயல், கல்லறை எல்லாவற்றையும் விட்டு மேற்கே வந்தார்கள். நாட்டு மக்களில் எட்டில் ஒருவர் என்று சொல்லலாம். உள்நாட்டுப் பண்ணை வீடுகள் தங்கள் அறைகளில் ஒன்றை ஒழித்து அவர்களுக்குக் கொடுத்தன. போருக்குப் பின், 1945இல், நிலத்தையே பகிர்ந்து கொடுக்கச் சட்டம் வந்தது. எல்லாரும் மலர்ந்த முகத்தோடு கொடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வந்தவர்களில் பலர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். சிலுவை போடும் விதத்தைப் பார்த்து அவர்களை “ருஷ்யர்கள்” என்று ஏசியவர்கள் இருந்தார்கள். ஒரே அடுப்பில் இரண்டு குடும்பம் சமைத்தால் என்ன நடக்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்த இடமும் இடம்தான். அதில் பிள்ளைகள் உறங்கின.

அப்படி வந்தவர்களில் வாலமோ மடத்துத் துறவிகளும் உண்டு. லடோகா ஏரியின் நடுவே ஒரு தீவில் பல நூற்றாண்டுகளாக இருந்த மடம் அது. 1940 பிப்ரவரியில் குண்டு விழுந்துகொண்டிருக்க, உறைந்த லடோகாவின் மேல் வண்டிகளில் ஏறி, கையில் கிடைத்த திருவோவியங்களையும் நூல்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஹெய்னாவேசி என்னும் ஊரில் ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறினார்கள். அந்த இடத்துக்கு ஏற்கெனவே பாப்பின்நியெமி என்று பெயர். குருவானவரின் முனை என்று பொருள். யார் எப்போது வைத்த பெயரோ. அவர்கள் வருவதற்கு முன்பே பெயர் அங்கே காத்திருந்தது. பண்ணையில் நின்றிருந்த பழைய மரக்கட்டிடத்தையே கோவிலாக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பழைய கோவிலுக்குள் நான் போனேன். தாழ்ந்த கூரை. தேன்மெழுகு வாசனை. மரச்சுவரில், லடோகாவிலிருந்து வந்த ஓவியங்கள். தரைப்பலகை நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. உயர்ந்த கோபுரங்களும் பெரிய மணிகளும் இருந்த மடத்திலிருந்து வந்தவர்கள், இந்தப் பலகையின் மேல் நின்றுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாலைச் செபம் சொல்லியிருக்கிறார்கள். கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்க்கிறவரைப் பற்றி ஆண்டவர் இன்று கடுமையாகப் பேசுகிறார். முதல் வாசகத்தில் எலிசா ஏர்மாட்டை அடித்து, கலப்பையையே விறகாக்கிச் சமைத்து, ஊருக்குப் பரிமாறிவிட்டுப் போகிறார். அந்தத் துறவிகள் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்களா? பார்த்திருப்பார்கள். மடத்துக்குப் பெயர் வைக்கும்போதே புதிய வாலமோ என்றுதான் வைத்தார்கள். திரும்பிப் பார்த்த கண்ணை ஆண்டவர் தண்டிக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. கண் கலங்கியிருந்தாலும் அவர்கள் கை செபத்தை விடவில்லை. முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து, மடமே மூடிவிடுமோ என்று இருந்த வேளையில் பின்லாந்து இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். 1977இல் அங்கே புதிய கோவில் எழுந்தது. சற்றுத் தள்ளி லிந்துலாவில் கன்னியர் மடம் ஒன்று, அவர்களும் எல்லை தாண்டி வந்தவர்களே. 1946இலிருந்து அங்கே இருக்கிறார்கள். நாட்டின் ஆர்த்தடாக்ஸ் கோவில்களில் எரியும் மெழுகுதிரிகளை அவர்கள் கையால் செய்து அனுப்புகிறார்கள். இழந்த ஊரை நினைத்துக்கொண்டே, மற்ற ஊர்களுக்கு வெளிச்சம் தோய்த்து அடுக்குகிறார்கள்.

மறுபடி ஜூன் மாதம் அங்கே போனேன். அதே நாடா என்று இருந்தது. இரவு பதினொரு மணிக்கும் வானம் வெளுத்தே கிடக்கிறது. சவோன்லின்னா நகரத்தின் சந்தையில், நெத்திலியை விடக் கொஞ்சம் பெரிய முய்க்கு மீனைக் ரை என்ற தானியத்தின் மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துக் காகிதத் தட்டில் தருகிறார்கள். முள்ளோடு அப்படியே சாப்பிடலாம். எதிரே தண்ணீருக்கு நடுவில் ஓலாவின்லின்னா கோட்டை, 1475இல் கட்டத் தொடங்கியது, புனித ஓலாவின் பெயரைத் தாங்கியது. பயணிகள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கோ, அருகிலுள்ள கெரிமாகி கிராமத்துக் கோவில்தான் மனதில் நிற்கிறது. 1844 முதல் 1847 வரை கட்டியது. உலகத்திலேயே பெரிய மரக்கோவில் என்கிறார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கிராமத்துக்கு இத்தனை பெரிய கோவில் எதற்கு, அளவு தப்பிப் போயிற்றோ என்று ஒரு கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். அப்படியில்லை. அப்போது பங்கு மக்கள் பத்தாயிரம் பேர். அதில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் வெளியே நிற்கக்கூடாது என்று திட்டமிட்டே கட்டினார்கள். அந்நாளில் தீவுகளிலிருந்து நீண்ட படகுகளில் கிராமம் கிராமமாகச் சேர்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டு ஞாயிறு வழிபாட்டுக்கு வருவார்கள். வழியில் மழையில் நனைந்து வந்தவனுக்குக் கோவிலுக்குள் இடமில்லை என்று சொல்லிவிடக் கூடாதல்லவா?

காட்டுக்குள் போனபோது இன்னொன்று கண்டேன். அந்த நாட்டில் எல்லாருக்குமான உரிமை என்று ஒன்று உண்டு. காடு யாருடையதாக இருந்தாலும் எவரும் அதற்குள் நடக்கலாம். காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். ஓர் இரவு கூடாரம் போட்டுத் தூங்கலாம். ஒருவர் வீட்டு முற்றத்துக்குள் நுழையக்கூடாது, மரத்தை ஒடிக்கக்கூடாது, கேட்காமல் தீ மூட்டக்கூடாது, அவ்வளவுதான். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவையுங்கள் என்று மோசே வழியாக ஆண்டவர் கொடுத்த கட்டளையை லேவியர் நூலில் நாம் படிக்கிறோம். அந்தக் கட்டளை ஒரு காடு முழுக்க நடைமுறையில் இருப்பதுபோல் எனக்குப் பட்டது. வெகுநேரம் அதற்குள் நடந்துவிட்டுத் திரும்பினேன், யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை.

அந்தக் கிழக்குப் பகுதியின் சவோ வட்டாரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இறந்தவரைக் கோவில் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது வழியில் ஒரு பெரிய பைன் மரத்தருகே நிற்பார்கள். கிளைகளைக் கழித்து, தண்டில் அவருடைய பெயரின் முதலெழுத்தையும் பிறந்த, இறந்த ஆண்டையும் செதுக்குவார்கள். கார்சிக்கோ என்று பெயர். இறந்தவர் வீடு திரும்பாமல் அங்கேயே இளைப்பாற வேண்டும் என்பது அக்கால நம்பிக்கை. அந்த நம்பிக்கை நம்முடையதல்ல. ஆனால் தந்தையை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று இன்றைய நற்செய்தியில் கேட்கும் அந்த மகனுக்கு ஆண்டவர் சொல்லும் பதில் நம்மில் பலரைக் காயப்படுத்துகிறது என்று எனக்குத் தெரியும். அண்மையில் அப்பாவையோ அம்மாவையோ அடக்கம் செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இறந்தவர்மேல் உள்ள அன்பை ஆண்டவர் பழிக்கவில்லை. லாசரின் கல்லறையில் அவரே அழுதவர். உயிரோடு இருப்பவர்களின் தேவை காத்திருக்கும்போது, துக்கத்தையே சாக்காக்கி நின்றுவிட வேண்டாம் என்கிறார். மரத்தருகே நிற்கலாம். செதுக்கலாம். பிறகு நடக்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த ஆசிரியை எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டார். அவரே துடுப்புப் போட்டார். தீவுகளுக்கு இடையே அரைமணி நேரம் போனபின், ஒரு சின்னக் கரையருகே துடுப்பை நீரிலிருந்து தூக்கி நிறுத்தினார். முகவாயால் அந்தப் பக்கம் காட்டினார். பாறை, இரண்டு பைன், கரையில் கொஞ்சம் நாணல். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஜனவரியில் நாங்கள் மார்பளவு பனி குவித்த இடம். அங்கே இப்போது ஒன்றுமில்லை, தண்ணீர்தான். அந்த மேட்டுக்குள் குட்டி பிறந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. துடுப்பின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டு, அவர் துடுப்பை மறுபடி நீரில் இறக்கினார்.